செங்கோட்டைக் கணவாய்: மனிதர்க்கு வழி, பறவைக்கு எல்லை
தென்காசி வட்டார மலைநடைகளும் பறவைப் பாதுகாப்பின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தென்காசி மாவட்டத்தின் மேற்கில் அமைந்த செங்கோட்டைக் கணவாய், பாண்டி நாட்டையும் வேணாட்டையும் இணைத்த வழியாக வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அதே கணவாய் உயர்மலைச் சோலைகளில் வாழும் சில பறவையினங்களைப் பிரித்து வைத்த எல்லை என்பதைக் கடந்த இருபதாண்டுக் கால உயிரியல் ஆய்வுகள் நிறுவியுள்ளன. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே வைத்து, இவ்வட்டாரப் பறவைகளைப் பற்றிய அறிவு எவ்வாறு உருவாயிற்று, பாதுகாப்பு எல்லைகள் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சமவெளிப் பறவைகள் இலக்கியப் பதிவும் ஊர்க்காவலும் பெற்றன. மலைப்பறவைகளோ காட்டுவழி நடந்து சென்றோரின் பதிவுகளால் மட்டுமே அறியப்பட்டன. அப்பதிவுகளில் உள்ளூர்ப் பெயர்களும் உடன்சென்ற உள்ளூர் மக்களும் போதிய இடம்பெறவில்லை என்பதும், இக்குறை இன்றைய பாதுகாப்பு முயற்சிகளையும் பாதிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: செங்கோட்டைக் கணவாய், அசம்பு மலை, வீரகேரளம்புதூர், திருக்குற்றாலக் குறவஞ்சி, சாலிம் அலி, பறவைகள் சரணாலயம், மலைநடை.

முன்னுரை

ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டு, இலக்கியம், ஆவணம் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. அந்நிலத்தில் மனிதரோடு வாழ்ந்த பிற உயிர்களின் வரலாறு அம்மரபில் பெரிதும் விடுபட்டுள்ளது. பறவைகளைப் பொறுத்தவரை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற நீர்நிலைச் சரணாலயங்கள் குறித்து ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆயினும் மலைக்காட்டுப் பறவைகள் எவ்வாறு அறியப்பட்டன, அவற்றைத் தேடி நடந்தவர் யாவர், அவர்தம் நடை எத்தகைய அறிவைத் தந்தது என்பன போன்ற வினாக்கள் தமிழ் ஆய்வுலகில் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, வீரகேரளம்புதூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சிற்றாற்று வட்டாரம் இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். உயர்மலைச் சோலை, கணவாய், அருவி, ஆற்றுப்பாசனக் குளம் ஆகிய நான்கும் ஒருநாள் நடைத் தொலைவிற்குள் இங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன.

1. நிலமும் வழியும்

வீரகேரளம்புதூர் சிற்றாற்றங்கரையில் அமைந்த ஊர். ஊற்றுமலைச் சமீன்தாரின் அரண்மனை இங்கு இருந்தது. காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவர் ஆண்ட சமீன் அது. நெல்லை மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் வீரகேரளம்புதூர் அம்மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. பாண்டிநாட்டுச் சமவெளியில் இருந்தும் பெயரில் கேரளத்தைத் தாங்கி நிற்கும் இவ்வூர், மலைக்கு இருபுறமும் நிலவிய தொடர்பினை நினைவூட்டுவதாக உள்ளது.

அத்தொடர்புக்கு இடமளித்தது செங்கோட்டைக் கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஏறத்தாழ 9 பாகை வடக்கு அகலாங்கில், சில கிலோமீட்டர் அகலமே உடைய தாழ்நிலமாக இஃது அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே உள்ள மலைத்தொகுதி அகத்தியமலை அல்லது அசம்பு மலை என வழங்கப்பெறும். வடக்கே உள்ளவை பெரியாறு, வருசநாடு, ஏலமலைப் பகுதிகளாகும். புவியியலார் அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலம் எனக் குறிப்பிடும் தொன்மையான பாறைப் பிளவுப் பகுதியோடு இக்கணவாய் தொடர்புடையது.

மலையின் ஏனைய பகுதிகளில் காடும் செங்குத்தும் போக்குவரத்தைத் தடுக்க, இங்கு மட்டும் ஆரியங்காவு வழியாக எளிதில் கடக்க இயன்றது. சங்க காலத்தில் பொதியில் மலைப்பகுதியை ஆய் குடியினர் ஆண்டனர். பிற்காலத்தில் தென்காசியைத் தலைநகராகக் கொண்ட பாண்டியரும் மேற்கே வேணாட்டு அரசரும் இம்மலையின் இருபுறமும் ஆட்சி செய்தனர். ஆரியங்காவு, அச்சன்கோவில் ஆகிய ஐயனார் கோயில்களுக்குச் சமவெளியிலிருந்து அடியார் செல்வது இன்றளவும் தொடர்கிறது. ஆரியங்காவில் நிகழும் திருக்கல்யாணத்தில் மதுரைச் சௌராட்டிரர் பெண்வீட்டாராகப் பங்குகொள்வது இவ்வழியின் சமூக முக்கியத்துவத்தைக் காட்டும் வழக்கமாகும்.

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர்பாதை 1904 நவம்பரில் முழுமை பெற்றது. அதன்பின் வணிகரும் அடியாரும் மலையை நடந்து கடக்க வேண்டிய தேவை குறைந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாக மறுசீரமைக்கப்பட்டபோது, அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கணவாயின் குறுக்கே மாநில எல்லை அமைந்தது. அகலப்பாதையாக மாற்றப்பட்ட இருப்புவழி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையும் இக்கணவாய் வழியே செல்கிறது. ஆக, மனித வரலாற்றில் இக்கணவாய் எக்காலத்தும் ஒரு வழியாகவே இருந்துவந்துள்ளது.

2. வயலுக்கு வந்த பறவைகள்: இலக்கியப் பதிவு

இவ்வட்டாரப் பறவைகளை விரிவாகப் பேசும் இலக்கியம் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி ஆகும். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நூலின் முற்பகுதி வசந்தவல்லியின் காதலையும் குறத்தியின் மலைவளம், குறி ஆகியவற்றையும் கூறும். பிற்பகுதியில் குறவனாகிய சிங்கன் தன் துணைவனாகிய நூவனோடு பறவை பிடிக்க வருகிறான். பறவைகள் வானில் வருதல், வயலில் இறங்குதல், மேய்தல், அவற்றிற்குக் கண்ணி வைத்தல், அவை தப்பிப் பறத்தல் எனக் காட்சிகள் தொடர்கின்றன.

இப்பகுதியை நகைச்சுவைக்கும் சந்தத்திற்கும் எடுத்துக்காட்டாகக் காண்பதே பெருவழக்கு. வரலாற்று நோக்கில் இதற்கு வேறொரு பயனும் உண்டு. பறவை எவ்வயலில் இறங்கும், எப்போது அஞ்சும், எத்தகைய கண்ணிக்கு அகப்படும் என்பன வேடனது தொழிலறிவின் கூறுகள். கவிராயர் அவ்வறிவைக் குற்றாலநாதர் கோயில் நிலங்களின் பெயர்களோடு பிணைத்துப் பாடியுள்ளார். எனவே, இப்பகுதியில் பறவையும் பாசன வயலும் கோயிற் கொடையும் ஒரே வரைபடத்திற்குள் அடங்குகின்றன.

ஆயினும், அவ்வரைபடத்திற்கு ஓர் எல்லை உண்டு. சிங்கன் காத்திருப்பது வயலில். அவன் எண்ணுவன வயலுக்கும் நீருக்கும் இறங்கிவரும் பறவைகள். குற்றால மலையின் உச்சிச் சோலையில் வாழ்ந்து, சமவெளிக்கு ஒருபோதும் வாராத சிறு பறவைகள் அவனது தொழிலுக்குப் புறம்பானவை. குறத்தி கூறும் மலைவளத்திலும் வானரமும் தேனும் கிழங்கும் பெறும் இடத்தை அச்சிறு பறவைகள் பெறவில்லை. உணவாகவோ விளைவிற்கு ஊறாகவோ அமையாத உயிர் இலக்கியத்தில் பெயர்பெறுவது அரிது. இவ்வாறு மலைச்சோலைப் பறவைகள் பற்றிய எழுத்துப்பதிவு தமிழில் தொடங்காமல், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் சேகரிப்புகளில் தொடங்குவதாயிற்று.

3. மலைநடையும் சேகரிப்பும்: 1839 – 1905

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமசு ஜெர்டன் நீலகிரியின் சிரிப்பான் பறவையை 1839இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். பழனிமலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் ஃபேர்பேங்க்கின் பெயர் அம்மலைச் சிரிப்பானுக்கு 1869இல் சூட்டப்பட்டது. இவ்வாறு வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒவ்வொரு மலைத்தொகுதியாக அறியப்பட்டு வந்தது.

செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கிலுள்ள அசம்பு மலையில் முதன்மையான பதிவுகளைச் செய்தவர் தோட்ட உரிமையாளரான போர்டில்லன் ஆவார். அவர் அனுப்பிய பறவைகளையும் குறிப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு, ஆலன் ஆக்டேவியன் ஹியூம் தாம் நடத்திய 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் 1876இல் திருவிதாங்கூர் மலைப்பறவைகளின் முதற்பட்டியலை வெளியிட்டார். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசின் தோற்றத்திற்குக் காரணராகிய அதே ஹியூம் இவர். 1880இல் வில்லியம் பிளான்ஃபோர்டு தென்திருவிதாங்கூர் மலைகளுக்குரிய சிரிப்பானைத் தனியினமாக விளக்கினார். அவர் சூட்டிய சிற்றினப் பெயருக்குத் 'தெற்கத்தியது' என்பது பொருள். 1903 முதல் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் ஃபெர்குசனும் போர்டில்லனும் இணைந்து திருவிதாங்கூர்ப் பறவைகளைப் பற்றிய தொடர் கட்டுரைகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டனர்.

இச்சேகரிப்புகளின் தன்மை குறித்து இரண்டு கருத்துகள் கூறத்தக்கன. முதலாவது, அவற்றின் வழி. காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகக் காடு திருத்தப்பட்ட காலமே மலைப்பறவைகள் அறியப்பட்ட காலமும் ஆகும். தோட்டக்காரர் மலையேற அமைத்த பாதையிலேயே பறவையறிவும் ஏறிற்று. ஆகவே, அப்பறவைகள் பதிவு பெறத் தொடங்கியதும் அவற்றின் வாழிடம் குறையத் தொடங்கியதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாகும்.

இரண்டாவது, அவற்றின் மௌனம். சேகரிக்கப்பட்ட பறவையின் உடலோடு இடம், நாள், அளவு ஆகியன குறிக்கப்பட்டன. உணவும் கூடாரமும் துப்பாக்கியும் சுமந்து வந்தோர், காட்டில் தடம் காட்டியோர், பறவையின் குரலைக் கேட்டு அது இருக்குமிடம் சொன்னோர் ஆகியோரின் பெயர்கள் அச்சீட்டுகளில் இடம்பெறுவது அரிது. அகத்தியமலையின் காணிக்காரரும் கணவாய்க்கு வடக்கே வாழும் பளியரும் அப்பறவைகளை எப்பெயரால் அழைத்தனர் என்பதும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. பறவைக்கு இலத்தீன் பெயர் கிடைத்தது. அதனை அறிந்திருந்த மக்களின் சொல் ஏட்டில் ஏறவில்லை.

4. சாலிம் அலியின் 1933ஆம் ஆண்டுப் பயணம்

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவுடன் சாலிம் அலி (1896–1987) 1933இல் மேற்கொண்ட கள ஆய்வு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். தோட்டத்தில் தங்கியிருந்து ஒரு மலையின் பறவைகளைச் சேகரிப்பது முன்னோர் முறை. ஒரு நாட்டின் நிலப்பரப்பு முழுவதையும் மழை, உயரம், காட்டுவகை ஆகியவற்றின் அடிப்படையில் தேர்ந்தெடுத்த முகாம்களின் வழியே அளவிடுவது சாலிம் அலியின் முறை. மறையூர், மூணாறு, தட்டேக்காடு, குமுளி, பீர்மேடு, தென்மலை, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி முதலிய இடங்களில் அவர் முகாமிட்டார். அவர்தம் துணைவியார் தெகமினாவும் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த என். ஜி. பிள்ளையும் அப்பயணத்தில் பங்குகொண்டனர்.

இம்முகாம்களுள் தென்மலை செங்கோட்டைக் கணவாயின் மேற்கு வாயிலில் உள்ளது. ஆரல்வாய்மொழி, அசம்பு மலைத்தொகுதி தெற்கே தாழ்ந்து முடியும் இடத்தில் உள்ளது. எனவே, கணவாயின் இருபுறத்து மலைகளையும் ஒரே ஆண்டில், ஒரே முறையில் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு அப்பயணத்தில் கிட்டியது. அதன் முடிவுகள் ஹியூ விஸ்லரின் குறிப்புகளோடு 1935 முதல் 1937 வரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வெளிவந்தன. பின்னர் 1953இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாகவும், 1969இல் கேரளப் பறவைகள் என்னும் விரிவாக்கமாகவும் வடிவம் பெற்றன.

இப்பயணத்தின் நேரடி விளைவு தட்டேக்காட்டில் காணப்படுகிறது. பெரியாற்றங்கரையில் அமைந்த அத்தாழ்நிலக் காட்டின் பறவை வளத்தைச் சாலிம் அலி பெரிதும் போற்றினார். பயணம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1983இல் 25 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்காடு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று அஃது அவர் பெயராலேயே வழங்குகிறது. நடந்து எழுதிய ஒரு பதிவு சட்ட எல்லையாக மாறுவதற்கு ஐம்பதாண்டுகள் ஆயின என்பது கருதத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் வகைப்பாட்டு மரபு, சிறு வேறுபாடுகளைத் துணையினம் என்னும் நிலையில் ஒடுக்கி, பெரிய இனங்களுக்குள் அடக்கும் போக்கினைக் கொண்டிருந்தது. அப்போக்கில், பிளான்ஃபோர்டு தனியினமாகக் கண்ட தென்மலைச் சிரிப்பான், கணவாய்க்கு வடக்கிலுள்ள சிரிப்பானின் துணையினமாகக் கருதப்படலாயிற்று. சோலையின் தரைப்பகுதியில் வாழும் மற்றொரு பறவையாகிய வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளியின் தென்கூட்டமோ தனிப்பெயர் பெறாமலே, பழனிமலைப் பறவையின் பெயரில் அடங்கிக் கிடந்தது.

5. கணவாய் எல்லையானபோது: மரபணுச் சான்றுகள்

மேற்குத்தொடர்ச்சி மலையின் உயரங்களில் உள்ள சோலைக்காடுகள் ஒன்றோடொன்று தொடர்ச்சியற்றவை. சுற்றிலும் வெப்பமிகு தாழ்நிலம் சூழ, கடல்நடுவே தீவுகள் போலக் குளிர்ந்த சோலைகள் உச்சிகளில் நிற்பதால் இவற்றை 'வானத்தீவுகள்' என்பர். அகலமான பாலக்காட்டுக் கணவாயும் குறுகலான செங்கோட்டைக் கணவாயும் இத்தீவுக் கூட்டங்களைப் பிரிக்கும் நீரிணைகள் போன்றவை.

வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் மலைச்சோலைப் பறவைகளைப் பிடித்து, குருதி மாதிரி எடுத்து, மீண்டும் பறக்கவிட்டு மரபணுக்களை ஒப்பிட்டனர். 2010இல் வெளியான ஆய்வில் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறக் கூட்டங்களுக்கிடையிலான பிரிவு மிகத் தொன்மையானது என்றும், செங்கோட்டைக் கணவாயில் நிகழ்ந்த பிரிவு அதனினும் பிற்பட்டது என்றும் கண்டறியப்பட்டது. 2015இல் 23 பறவையினங்களை ஒப்பிட்ட ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய் அவற்றுள் 10 இனங்களில் ஆழ்ந்த பிரிவை உண்டாக்கியிருப்பதைக் காட்டிற்று. அப்பத்தில் சிலவே குறுகலான கணவாய்களிலும் பிரிந்திருந்தன. பிற இனங்கள் தடையின்றிக் கடந்திருந்தன. எனவே, கணவாய் எல்லாப் பறவைக்கும் எல்லையன்று. உயரத்தையும் குளிர்ச்சியையும் விட்டு இறங்க இயலாத பறவைக்கே அஃது எல்லை.

2017இல் இவ்வாய்வாளர் குழுவின் மற்றொரு கட்டுரை வெளிவந்தது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய இச்சோலைப் பறவைகள் இரண்டு புதிய பேரினங்களாக நிறுவப்பட்டன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே வாழும் சோலைக்கிளி, அசம்பு மலையின் பெயர் தாங்கிய புதிய சிற்றினமாக முதன்முறையாக விளக்கப்பட்டது. துணையினம் என ஒடுக்கப்பட்ட தென்மலைச் சிரிப்பான், தனியினம் என்னும் தகுதியை உறுதியாகப் பெற்றது. பிளான்ஃபோர்டின் 1880ஆம் ஆண்டு முடிவை 137 ஆண்டுகளுக்குப் பின் மரபணுச் சான்று வலியுறுத்திற்று எனலாம்.

மொழி வரலாற்று நோக்கில் இக்கட்டுரையின் பெயர்சூட்டல் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஒரு பேரினப் பெயரில் 'சோலை' என்னும் சொல் இலத்தீன் வடிவில் இடம்பெற்றது. பொதுப்பெயர்களாக ஆங்கிலத்திலும் 'சோலைக்கிளி', 'சிலப்பன்' ஆகியன முன்மொழியப்பட்டன. மலையாளத்தில் 'கிளி' பறவையைப் பொதுவாகவும் சுட்டும். 'சிலப்பன்' தமிழ்ப் பறவையியல் நூல்கள் வழங்கும் 'சிலம்பன்' என்பதோடு ஒப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டுச் சீட்டுகளில் இடம்பெறாத மண்ணின் சொல், காலந்தாழ்ந்தேனும் அறிவியற் பெயரீட்டில் இடம் பெற்றது. ஆயினும், அது நூல்வழி வந்த சொல்லே. காணிக்காரரின் சொல் இன்னும் தேடப்பட வேண்டியதாகவே உள்ளது.

6. சரணாலய எல்லைகளும் ஊர்க்காவலும்

அறிவின் வரலாற்றைப் போலவே பாதுகாப்பின் வரலாறும் சமவெளி, மலை என இருவேறு வழிகளில் நடந்துள்ளது.

சமவெளியில் காவல் முதலில் ஊரிடம் இருந்தது. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப்பறவைகளைச் சுடுவோரிடமிருந்து காக்கும் உரிமையை 1798இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் லயனல் பிளேசிடம் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை உழவர் அறிந்திருந்தமை இக்காவலின் பொருளியல் அடிப்படையாகும். நெல்லைச் சீமையில் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்பதால் ஊரார் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். பன்னாட்டு ராம்சார் பட்டியலில் அது சேர்ந்தது 2022இல். தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரில் பறவைகள் தங்கும் மரங்களையும் அவ்வாறே ஊரார் காத்தனர். 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 'பாதுகாப்புக் காப்பகம்' என்னும் புதிய வகையை உருவாக்கியபின், 2005 பிப்ரவரியில் அவ்விடம் அத்தகுதியைப் பெற்றது. மூன்று எக்டேருக்கும் குறைவான அப்பரப்பில் சட்டம் செய்தது, முன்பே இருந்த காவலை ஏற்றுக்கொண்டதேயாகும்.

மலையில் நிலைமை வேறு. உச்சிச் சோலையின் பறவைக்கு ஊர் இல்லை. அதன் எச்சம் எவர் வயலுக்கும் உரமாவதில்லை. அதற்குக் காவல் அரசின் காட்டுச்சட்டம் ஒன்றே. கணவாய்க்குத் தெற்கே, முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988இல் புலிகள் காப்பகமாயின. கேரளப்பக்கம் நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி ஆகியன அமைந்தன. இவற்றுள் 1984இல் தோன்றிய செந்துருணி, தென்மலையை ஒட்டிய காடுகளை உள்ளடக்கியது. தென்காசி வட்டார மலைச்சரிவுகளின் பெரும்பகுதி 2015இல் நெல்லை வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின்பே இத்தகுதியைப் பெற்றது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அமைக்கப்பட்டு 2016இல் யுனெசுகோ வலைப்பின்னலில் சேர்க்கப்பட்டது.

இவ்வறிவிப்புகள் யானை, புலி, நீர்ப்பிடிப்பு ஆகியவற்றை முன்னிறுத்தி, மாநில எல்லையை ஒட்டி வகுக்கப்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை செய்யப்பட்ட காலத்தில் அசம்புச் சோலைக்கிளி என்னும் இனம் அறிவியலில் இல்லை. எனினும், அவற்றால் அதன் வாழிடத்தின் பெரும்பகுதி காக்கப்பட்டது. ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. கணவாய்க்கு வடக்கே ஆனைமுடி 2695 மீட்டர் வரை உயர்கிறது. தெற்கே அகத்தியமலையின் உயரம் 1868 மீட்டரே. வெப்பம் மிகுந்து சோலைக்கேற்ற குளிர்ச்சி மேல்நோக்கி ஒதுங்குமாயின், வடபுறப் பறவைக்கு ஏற இடமுண்டு. தென்புறப் பறவைக்கு அத்தகைய உயரம் இல்லை. கணவாயைக் கடந்து வடக்கே செல்லும் இயல்பும் இல்லை. இரண்டும் ஒரே இனம் எனக் கொண்டிருந்த காலத்தில், தெற்கில் அழிந்தாலும் வடக்கில் எஞ்சும் என அமைதி கொள்ள இடமிருந்தது. 2017க்குப் பின் அவ்வமைதிக்கு இடமில்லை. தெற்கில் அழிவது உலகிலேயே அழிவதாகும்.

7. மலைநடை: ஒழுங்கும் பதிவும்

இன்று மலைநடை பொழுதுபோக்காகவும் பரவியுள்ளது. 2018 மார்ச்சு மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோருள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறையின் மேற்பார்வையில் 40 வழித்தடங்களில் இணையவழி முன்பதிவுடன் மலையேற்றம் அனுமதிக்கப்பட்டது. அந்தந்த மலையில் வாழும் மக்களே இவற்றில் வழிகாட்டிகளாக அமர்த்தப்படுகின்றனர்.

இவ்வேற்பாடு இக்கட்டுரையில் ஆராயப்பட்ட வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. 1876இல் பெயரின்றி இருந்த வழிகாட்டி இப்போது அங்கீகாரம் பெற்ற பணியாளராகிறார். அவர்தம் அறிவு பாதையைக் காட்டுவதோடு நின்றுவிடின் பழைய குறை தொடரும். எந்தச் சோலையில் எந்த மாதத்தில் எக்குரல் கேட்கிறது, அதற்கு அம்மக்கள் வழங்கும் பெயர் யாது என்பன ஒவ்வொரு நடையிலும் குறிக்கப்படுமாயின், மலைநடை மீண்டும் அறிவு தரும் செயலாகும். சமவெளியில் இதற்கு முன்மாதிரி உண்டு. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலரும் மாணவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகின்றனர். குளக்கரைக்கு அமைந்த இத்தொடர்பதிவு மலைச்சோலைக்கும் அமைய வேண்டும்.

மலையும் குளமும் வேறுவேறல்ல என்பதையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். குற்றால மலைச்சோலைகள் தேக்கி விடும் நீரே சிற்றாறாக இறங்கி, அணைக்கட்டுகளால் திருப்பப்பெற்று, வீரகேரளம்புதூர் வட்டாரக் குளங்களை நிறைக்கிறது. அக்குளங்களை நாடியே கொக்கும் நாரையும் வருகின்றன. சிங்கன் கண்ணி வைத்த வயலுக்கு நீர் தந்தது, அவன் பெயர் சொல்லாத பறவை வாழும் சோலை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

செங்கோட்டைக் கணவாய் மனிதருக்கு வழியாகவும் உயர்மலைப் பறவைகள் சிலவற்றிற்கு எல்லையாகவும் ஒருசேர விளங்கியுள்ளது. முதலாவது உண்மையைக் கோயில் வழக்கங்களும் ஆட்சி வரலாறும் காட்டின. இரண்டாவதை அறிய, 1876இன் பட்டியல் தொடங்கி 2017இன் மரபணு ஆய்வு வரை 141 ஆண்டுகள் தேவைப்பட்டன.

சமவெளிப் பறவைகள் மனிதரின் வயலுக்கும் நீருக்கும் வந்தமையால் இலக்கியத்தில் பெயரும் ஊராரிடம் காவலும் பெற்றன. மலைப்பறவைகள் இவ்விரண்டையும் பெறாமையால் அவற்றிற்கு நடைப்பதிவும் அரசுச் சட்டமுமே துணையாயின.

நடைப்பதிவுகளில் விடுபட்ட மலைவாழ் மக்களின் பெயர்களையும் பறவைச் சொற்களையும் தொகுத்தல் தமிழாய்வின் கடமையாகும். மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், வரலாறு ஆகிய துறைகள் இணைந்து செய்யத்தக்க பணி இது. அச்சொற்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே இது தொடங்கப்பட வேண்டும்.

கணவாயின் தென்புறச் சோலைகள் இரு மாநிலங்களில் பிரிந்து கிடப்பினும் அவற்றின் பறவைக்கு அவை ஒரே நிலம். 1956இல் வரையப்பட்ட மாநிலக் கோடு மேற்கு, கிழக்கு எனப் பிரிக்கிறது. பறவையின் எல்லையோ வடக்கு, தெற்கு எனப் பிரிக்கிறது. பாதுகாப்புத் திட்டங்கள் இரண்டாவது எல்லையையும் கருத்திற் கொண்டு, இரு மாநிலங்களும் கூடி வகுப்பனவாக அமைதல் வேண்டும்.